ரெட்டியம்மாவின் காரும் என் ஆயுத பூஜையும்

விஜயதசமி அன்று காலை ஏழு மணிக்குச் சவரிமுத்து மேஸ்திரி பட்டறைக்குள் வந்தார். கையில் ஒரு துணிப்பை. கிருஷ்ணகிரியிலிருந்து புளி ஏற்றி வந்த லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து வந்திருந்ததால் தலையெல்லாம் புழுதி.

வாசலில் சிதறிக் கிடந்த பூசணிக்காயைத் தாண்டி உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பட்டறையின் நடுவில் ரெட்டியம்மாவின் பெரிய கறுப்புக் கார் நின்றது. அதன் எஞ்சின் முகத்தைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் அவர் ஊருக்குப் போயிருந்தார். இப்போது அந்த எஞ்சின் வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. மேலே ஒரு பெரிய பல் சக்கரம், கீழே ஒரு சின்னப் பல் சக்கரம். இரண்டிலும் ஒரு பல் விடாமல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். இரண்டையும் இணைக்கிற நீளச் சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி, சாமந்திப் பூ சுற்றி, சரஸ்வதி படத்துக்கு மாலையாகப் போட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அவருடைய மாதா படத்துக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் ஒரு முழம் பூ.

எல்லாம் என் கைவேலை.

"அழுக்கு ஒரு பொட்டு இல்லாம எடுத்துட்டேன் மேஸ்திரி" என்றேன்.

அவர் பெரிய சக்கரத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். பிறகு சின்னச் சக்கரம். பிறகு சரஸ்வதி கழுத்தில் இருந்த சங்கிலி.

"சுண்ணாம்பு எங்க?" என்று கேட்டார்.

வெற்றிலை போடப்போகிறார் என்று நினைத்து டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பாரூரிலிருந்து ஓசூருக்கு

பாரூர் ஏரிக்கால்வாயில் மண் வெட்டியதைப் பற்றிப் போன தடவை எழுதியதும், அங்கிருந்து ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்டு ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். கிளம்பவில்லை ஐயா, கிளப்பினார்கள். மலைக்காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் படுத்தேன். எழுந்து போனபோது என் மண்வெட்டி வேறொருவன் கையில் இருந்தது. அவனுக்கு நாலு பிள்ளைகள். சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை, நியாயமும் இல்லை.

அதன்பின் கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சினேன். காவேரிப்பட்டினம் ஓட்டல் ஒன்றில் மாவு அரைத்தேன். அரைக்கும்போதே தூங்கிவிழுகிறேன் என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். அது உண்மைதான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட காலத்திலிருந்து என்னைப் பற்றி எல்லா முதலாளிகளும் சொன்ன குறை ஒன்றே ஒன்று: சொன்னதைத் தவிர வேறு எதையும் தானாகச் செய்யமாட்டான்.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் அப்போது ஆலைகள் வரவில்லை. பெங்களூர் ரோடு, அதன்மேல் லாரிகள், லாரிகளை நம்பி நாலைந்து பட்டறைகள், டீக்கடைகள். ஒரு லாரியிலிருந்து இறங்கித் தண்ணீர் கேட்கப் போன இடம் சவரிமுத்துவின் பட்டறை. அவர் என்னைவிட ஒரு வயது சின்னவர். ஆனாலும் மேஸ்திரி மேஸ்திரிதான். கிருஷ்ணகிரி பக்கத்து எலத்தகிரிக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாவிட்டால் திங்கட்கிழமை ஸ்பானர் சரியாக உட்காராது என்பார். நான் கீழ்த்தஞ்சையிலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் தஞ்சாவூரு. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் ஓடும். என் தமிழ்தான் அங்கே யாருக்கும் புரியாது.

அங்கே சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இங்கேயாவது சொல்லாததையும் செய்கிறவன் என்று பெயர் எடுக்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அந்த முடிவின் பலன்தான் மேலே நீங்கள் படித்தது.

கடகட வண்டி

ரெட்டியம்மாவின் கார், ஓசூருக்குத் தெற்கே தளியில் பங்களா வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. உள்ளே தோல் இருக்கை, முன்பலகை முழுக்க மெருகேற்றிய மரம், கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டகம் மூடுகிற சத்தம். அதை வாங்கியவர் ரெட்டியம்மாவின் கணவர். நாலு வருஷத்துக்கு முன் அவர் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த அம்மாள் கணவரின் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார். முழங்கைவரை ரவிக்கை, இழுத்துச் செருகிய முந்தானை, நெற்றியில் ஒன்றுமில்லை. தளியில் அதுவரை பெண் ஒருத்தி கார் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டை விட்டுவிட்டுப் பார்ப்பார்களாம்.

ஆனால் அந்தக் கார் அவரிடம் படுத்தியது. சமதரையில் ஓடும், மேடு வந்தால் மூச்சுத் திணறும், சூடாகும், நின்றுவிடும். கணவர் இருந்தவரை பறந்த வண்டி. ஆகவே எல்லா மெக்கானிக்குகளும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள்: அம்மாவுக்குக் கியர் மாற்றத் தெரியவில்லை. எங்கள் மேஸ்திரியும் அதையே பணிவாகச் சொன்னவர்தான்.

அந்த வருஷம் புதிதாக ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. ஸ்டார்ட் செய்தால் தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல. வண்டி மத்திகிரி தாண்டும்போதே எங்கள் டீக்கடைக்காரர், "ரெட்டியம்மா வர்றாங்கோ" என்று டீ ஆற்றத் தொடங்கிவிடுவார்.

கணவரின் அண்ணன் நாராயண ரெட்டிக்கு இது வசதியாகப் போயிற்று. பருத்த மனிதர், வீட்டில் அவர் பேச்சுத்தான் சட்டம். பாழாய்ப்போன வண்டி, கைம்பெண் ஓட்டி ஊர் சிரிக்கிறது, பெங்களூரில் ஓர் ஆளிடம் தள்ளிவிடலாம் என்று நாலு பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அந்த அம்மாள் அவர்கள் நடுவில் நின்று ஒரு வார்த்தை கொடுத்துவிட்டார். விஜயதசமி அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் ஓசூரிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு, வழியில் எந்த மேட்டிலும் நிற்காமல் வீட்டு வாசலுக்கு வருவார். வர முடியாவிட்டால் வண்டியை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

"அந்த வீட்டுல மாட்டு வண்டி பூட்டச் சொல்றதுக்கும் மூத்தாரைக் கேக்கணும் சவரி" என்றார் எங்களிடம். "தங்கச்சியப் பாக்கக் கெலமங்கலம் போறதுக்கும் கேக்கணும். இது ஒண்ணுக்குத்தான் யாரையும் கேக்கறதில்ல. நீ பாத்துக்க."

செக்கு உலக்கை

எஞ்சினுக்குள் ஒரு சங்கிலி ஓடுகிறது. சைக்கிள் செயின் மாதிரிதான், இன்னும் தடிமன். கீழே பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் அது சேர்த்துக் கட்டுகிறது. அதற்கு டைமிங் செயின் என்று பெயர். சங்கிலி தொய்ந்துபோகாமல் இரண்டு பக்கமும் ரப்பர் முகம் வைத்த இரண்டு கட்டைகள் ஸ்பிரிங்கால் அழுத்திக்கொண்டிருக்கும். அவை டென்ஷனர். ரெட்டியம்மாவின் வண்டியில் அந்த ரப்பர் தேய்ந்து, அதன் கீழே இருந்த தகடும் தேய்ந்து, சங்கிலி அவிழ்ந்த கோவணம் போல ஆடிக்கொண்டிருந்தது. புளியங்கொட்டைச் சத்தம் அதுதான். இன்னும் கொஞ்சம் ஆடினால் சங்கிலி பல் தாண்டும். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு அது கார் இல்லை, சக்கரம் வைத்த அலமாரி.

அந்த நாளில் சீமை உதிரிபாகம் என்பது பேச்சுக்குக்கூடக் கிடைக்காது. பெங்களூர்ப் பழைய இரும்புக் கடைகளில் ஒருநாள் முழுக்கத் தேடி, பட்டாணியை மட்டும் தின்றுவிட்டு வந்தேன். லாரி டயரை வெட்டி ஒட்டலாம் என்று நான் யோசனை சொன்னேன். மேஸ்திரி ஒரு துண்டு டயரைச் சூடான எஞ்சின் ஆயிலில் போட்டு வைத்தார். மறுநாள் அது ஊறிய அப்பளம் போல ஆகியிருந்தது.

"எண்ணெயில ஊறினாலும் ஊதாத சாமான் வேணும்" என்றவர், வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு சிரித்தார்.

எலத்தகிரியில் அவருடைய மச்சான் தச்சர். அவர் வீட்டுப் பின்னால் உடைந்த செக்கு உலக்கை ஒன்று கிடந்தது. முப்பது வருஷம் கடலையும் எள்ளும் ஆட்டிய உலக்கை. ஆணி இறங்காத மரம். உள்மூச்சு வரைக்கும் எண்ணெய் குடித்தது. அதிலிருந்து இரண்டு கட்டைகளுக்கும் முகம் செதுக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லி, தேய்ந்த டென்ஷனர் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஆயுத பூஜை அன்று விடியலில் கிளம்பினார்.

நான் செய்த காரியம்

கிளம்புமுன் இரண்டு வேலைகள் செய்தார். வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்து மேல் சக்கரத்தில் ஒரு புள்ளி, அதற்கு நேரே சங்கிலியில் ஒரு புள்ளி. கீழ்ச் சக்கரத்திலும் அதேபோல. பிறகுதான் சங்கிலியைக் கழற்றினார். திரும்ப மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி சேர்த்தால் போதும். எங்கள் ரோட்டோரப் பட்டறைகளின் வேதம் அது: இருந்தது இருந்தபடி. எஞ்சினைச் செய்தவன் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்பதில்லை; கழற்றும்போது எப்படி இருந்ததோ அப்படியே மாட்டு.

இரண்டாவது, என்னிடம் சொன்னது: "எஞ்சினு கிட்ட யாரையும் விடாத."

நான் யாரையும் விடவில்லை. யாரையும் என்பதில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு ஒரு லாரி டிரைவர் வந்து, பட்டறையில் ஸ்பானர் சுத்தியலுக்கெல்லாம் பொட்டு இருக்கிறது, சாமானிலேயே பெரிய சாமான் அழுக்கோடு நிற்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது. மண்ணெண்ணெய் டின்னை எடுத்தேன். பன்னிரண்டு வருஷக் கரியும் தாரும் கழுவிக் கழுவி வந்தன. சக்கரங்களிலும் சங்கிலியிலும் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்ததாகவும் நினைவு. மேஸ்திரி வெற்றிலை போட்ட கையால் தொட்டிருக்கிறார், எச்சில் பட்ட சுண்ணாம்பைச் சாமி கும்பிடும் நாளில் விடக்கூடாது என்று அவற்றை மட்டும் இரண்டு தடவை தேய்த்தேன். சக்கரத்தின் அடிப்பக்கப் பல்லுக்கும் பொட்டு வைக்கவேண்டுமே என்று மேல் சக்கரத்தைச் சுற்றினேன். கீழ்ச் சக்கரம் கையால் சுற்றவில்லை. ஹாண்டில் போட்டுச் சுற்றினேன்.

பிறந்ததிலிருந்து அவ்வளவு மனசார நான் ஒரு வேலை செய்ததில்லை.

மஞ்சள் கோடு

டயரின்மேல் உட்கார்ந்திருந்த மேஸ்திரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பையிலிருந்து இரண்டு டென்ஷனரையும் எடுத்து வைத்தார். தேய்ந்த ரப்பர் இருந்த இடத்தில் கருகருவென்று பளபளக்கும் மரமுகம், வளைவு பிசகாமல். அவ்வளவு அழகான சாமான் இரண்டு; மாட்ட இடம் தெரியவில்லை.

"துடை" என்றார். "வெச்ச பொட்டையெல்லாம் நீயே துடை."

துடைத்தேன். குங்குமம் வந்தது, சந்தனம் வந்தது. மேல் சக்கரத்தின் முகத்தில் ஓரிடத்தில் மட்டும் நகநீளத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு போகவே இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் நின்றது. பயத்தில் எச்சில் தொட்டும் தேய்த்துப் பார்த்தேன்.

மேஸ்திரி என் கையைத் தட்டிவிட்டார். ஊசியால் அந்த மஞ்சளைச் சுரண்டினார். உள்ளே இரும்பில் வெட்டிய பள்ளம். எஞ்சினைச் செய்தவர்களே வெட்டி வைத்த கோடு. இத்தனை வருஷக் கரிக்கு அடியில் கிடந்தது, சந்தனம் ஏறி வெளியே தெரிந்துவிட்டது. கீழ்ச் சக்கரத்தில் தேடினோம். அங்கே மஞ்சளாக ஒரு புள்ளி.

முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் தென்னை ஈர்க்கை விட்டார். நான் ஹாண்டிலை மெதுவாகச் சுற்ற, ஈர்க்கு மேலே வந்து வந்து ஓரிடத்தில் நின்றது. பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. அப்போது கீழ்ப்புள்ளி எஞ்சின் உடம்பில் இருந்த வெட்டுக்கு நேரே நின்றது. மேல் கோட்டையும் அதன் வெட்டுக்கு நேரே கொண்டுவந்தார்.

அவர் முகம் தெளியவில்லை.

"என் சுண்ணாம்பு இந்த போல்ட்டுக்கு நேரா இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. அதும்படி வெச்சா இந்தக் கோடு ஒரு பல்லு தள்ளி நிக்கும்."

அவர் நினைவு ஒரு பக்கம், சந்தனக் கோடு ஒரு பக்கம். நடுவில் ஒரு பல். என் பூஜையை நம்பி எஞ்சினை மாட்ட அவருக்கு மனம் வரவில்லை. அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

ஒன்பது மணிக்குத் தளி பஸ்ஸில் ரெட்டியம்மா வந்து இறங்கினார். காலில் அதே கான்வாஸ் ஷூ. எஞ்சின் இன்னும் வாயைப் பிளந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். மேஸ்திரி நடந்ததை மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது இவன் என்று சொல்லாமல் நாங்க என்று சொன்னார்; அதற்காக அவரை நான் இன்றுவரை மறக்கவில்லை. அம்மாள் சரஸ்வதி கழுத்தில் இருந்த சங்கிலியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த ஒரு பல்லு தப்பா இருந்தா வண்டி என்னா பண்ணும்?"

"ஓடும்மா. சமதரையில ஒண்ணும் தெரியாது. மேட்டுல இழுக்காது. சூடாவும், நின்..."

மேஸ்திரி பாதியில் நிறுத்திக்கொண்டார்.



"அவரு போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி யாரோ எஞ்சினைப் பிரிச்சு மாட்டினாங்க" என்றார் ரெட்டியம்மா. குரலை உயர்த்தவில்லை. "அப்பறம் அவரு ஓட்டவே இல்ல, வண்டி என் கைக்குத்தான் வந்துச்சு. நாலு வருசமா நான் என்னா சொல்லிக்கினு இருந்தேன் சவரி? நீ என்னா சொன்ன?"

மேஸ்திரி கையிலிருந்த ஊசியைத் துணியில் துடைத்தார்.

"சொல்லுப்பா."

"அம்மாவுக்குக் கியர் மாத்தத் தெரியலேன்னு சொன்னேம்மா."

"கோட்டுக்கே வெச்சு மாட்டு" என்று சொல்லிவிட்டு அவர் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கடலை எண்ணெய் வாசம்

சரஸ்வதியிடமிருந்து சங்கிலியைத் திரும்ப வாங்கினோம். ஒரு கணுவில் பூ சிக்கியிருந்தது, எடுத்தேன். கோட்டுக்கு நேரே சங்கிலி ஏறியது. இரண்டு பக்கமும் டென்ஷனரை முடுக்க, மரமுகம் சங்கிலியைப் பிள்ளையை அணைப்பது போல அணைத்தது. பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கையாலேயே ஹாண்டிலை எட்டுச் சுற்று சுற்றினோம். எதுவும் எதிலும் மோதவில்லை. எட்டாவது சுற்றில் மேஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டார். நானும் பார்த்துப் போட்டுக்கொண்டேன், தப்பான கையால்.

எல்லாம் மூடிமுடிக்கப் பத்தே முக்கால். ரெட்டியம்மா உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரு முனகல். சத்தத்தைக் காணோம். ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி திருப்ப, உள்ளே ஏதோ கிறீச்சிட்டது.

"வுடுங்கம்மா" என்று மேஸ்திரி கத்தினார். "ஓடிக்கினு இருக்கு."

அந்த வண்டி ஓடினால் எப்படி இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அம்மாள் கையை வைத்துப் பார்த்தார், அதிர்வு இருந்தது.

எஞ்சின் சூடேறியதும் பட்டறை முழுக்க ஒரு வாசம். செக்கு உலக்கை குடித்திருந்த எண்ணெய். டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, எங்கள் பட்டறையில் யார் போண்டா போடுகிறார்கள் என்று விசாரித்தார். பசியில் எனக்கே வயிறு கூவியது. முந்தின நாள் உடைத்த தேங்காய்க்குப் பின் ஒன்றும் தின்றிருக்கவில்லை.

தளி ரோடு

வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். மேஸ்திரி முன்னால், காதை முன்பலகையில் வைத்தபடி. நான் பின்னால், தோல் இருக்கையில் அழுக்கு ஒட்டாமல் நுனியில்.

மத்திகிரி தாண்டி முதல் மேடு. நான் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஏறியது. ஏறுகிறது என்று நாங்கள் உணர்வதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. ரெட்டியம்மா மேஸ்திரியைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். இரண்டாவது மேடு, இன்னொரு பார்வை. தளி போய்ச் சேர்வதற்குள் பதினோரு மேடுகள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பார்வைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழாவது பார்வையில் மேஸ்திரி, "தப்புத்தாம்மா" என்றார். மீதி நாலையும் அம்மாள் விடாமல் கொடுத்தார்.

காற்று குளிர்ந்தது. கோஸ் வயல்கள் வந்தன. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வீட்டு வாசல் தெரிந்தது. நாராயண ரெட்டி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். நாலு பெரியவர்கள் வரிசையாக. பக்கத்தில் கால்சட்டை போட்ட பெங்களூர்க்காரர், கட்டி இழுத்துப் போக ஒரு லாரி, லாரியின் பின்னால் சுருட்டி வைத்த தாம்புக்கயிறு. புளியங்கொட்டைச் சத்தத்தை எதிர்பார்த்து எல்லாரும் ரோட்டின் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் திரும்பினார்கள்.

ரெட்டியம்மா ஹாரனை ஒருமுறை அடித்தார். வாசலைக் கடந்து நேராகப் போனார்.

"அம்மா, வீடு போயிருச்சு" என்றார் மேஸ்திரி.

"பாத்தேன்."

நான் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கையை ஆட்டிக்கொண்டு நாராயண ரெட்டி பின்னாலேயே ஓடிவந்தார். அவ்வளவு பெரிய உடம்பு, வீட்டைத் தாண்டிய மேட்டில், ஒரு கையில் வேட்டி. அவருக்குப் பின்னால் பெரியவர்கள், கடைசியில் பெங்களூர்க்காரர்.

மூத்தவர் ஓடிவருகிறார், நிறுத்தவேண்டாமா என்று கேட்டேன்.

ரெட்டியம்மா கண்ணாடியை ஒருமுறை பார்த்தார்.

"சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டரு எத்தினியோ தடவ சொன்னாரு, கேக்கவே இல்ல. இன்னைக்காச்சும் ஓடட்டும்."

தளிக்கும் அப்பால், காட்டோரத்து ஜவளகிரி போய்ச் சேரும்வரை அவர் வண்டியை நிறுத்தவில்லை.